வென்றதனால் தடையா? மஸ்டா 787 பி காரும் ஒரு சுகமான பொய்யும்

மோட்டார்ப் பந்தயம் பற்றிப் பேசுவோர் மத்தியில் ஒரு கதை நெடுங்காலமாக உலவி வருகின்றது. 1991ஆம் ஆண்டு பிரான்சின் லு மான் நகரில் நடைபெற்ற 24 மணிநேரப் பந்தயத்தில், ஜப்பானின் மஸ்டா நிறுவனம் றோட்டரி இயந்திரம் பூட்டிய 787 பி என்னும் காரைக் கொண்டு வென்றதாம். ஆசியாவிலிருந்து வந்தவன் தங்கள் வீட்டு முற்றத்திலேயே வெல்வதா என்று மனம் பொறாத ஐரோப்பியர்கள், மறுவருடமே றோட்டரி இயந்திரத்துக்குத் தடை போட்டுவிட்டார்களாம்.

கேட்பதற்குச் சுகமான கதை. நமது அனுதாபம் எந்தப் பக்கம் சாயும் என்பதை அறிந்து கட்டப்பட்ட கதை. ஆனால் இதன் முற்பாதி மட்டுமே உண்மை. பிற்பாதி பொய்.

பத்திரிகைத் தொழிலுக்கு வருகின்ற எவருக்கும் சொல்லிக் கொடுக்கப்படும் முதற்பாடம், திகதியைப் பார் என்பதாகும். எது முன்னர் நடந்தது, எது பின்னர் நடந்தது என்று வரிசைப்படுத்தி விட்டால் அரைவாசிப் பொய்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். இந்தக் கதையும் அவ்விதம் உதிர வேண்டியதே. ஆயினும் உதிரவில்லை. திகதியைப் பார்க்கும் பொறுமை எவருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்தெழுத, அதனை மூன்றாமவர் சான்றாகக் காட்ட, பொய்க்கு வயதாகி அது வரலாறு என்ற பெயரையும் பெற்றுவிட்டது.

திகதிகள் சொல்வது என்ன?

அக்காலத்தில் உலக மோட்டார்ப் பந்தயங்களை ஆண்ட அமைப்பு 'பீசா'. அதன் தலைவராக இருந்தவர் ஜோன் மரி பலெஸ்ட்ர். விளையாட்டுக் கார்களுக்கான உலகப் போட்டியில், பார்முலா 1 கார்களில் உள்ளதைப் போன்ற 3.5 லீற்றர் கொள்ளளவுள்ள, டேர்போ இல்லாத பிஸ்டன் இயந்திரங்களே இனி ஓட வேண்டும் என்ற திட்டத்தை அந்த அமைப்பு வெளியிட்டது 1989ஆம் ஆண்டில். மஸ்டா வென்றது 1991 ஜூன் 23ஆம் திகதி. தண்டனை 1989இல், குற்றம் 1991இல்! எந்த நீதிமன்றத்தில் இப்படி நடக்கும்?

உண்மையில் 1991ஆம் ஆண்டிலிருந்தே புதிய விதி முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். புதிய வகைக் கார்களைக் கட்டி முடித்தவர்கள் மிகச் சிலரே. பந்தயக் களத்தை நிரப்புவதற்குக் கார்கள் போதவில்லை. ஆகவே, பழைய வகைக் கார்களும் இன்னும் ஒரு வருடம் ஓடலாம் என்று இடமளிக்கப்பட்டது. அந்தக் கூடுதல் வருடத்தில்தான் 787 பி வென்றது. ஆக, மஸ்டாவின் வெற்றியினால் தடை வரவில்லை. வரவிருந்த தடை ஒரு வருடம் தள்ளிப் போனதால் மஸ்டாவின் வெற்றி வந்தது. கதை தலைகீழாக நிற்கின்றது.

இன்னுமொன்று. அந்த 3.5 லீற்றர் விதி வெளியேற்றியது றோட்டரியை மட்டுமா? மேர்சிடஸ் சி 11 காரின் 5 லீற்றர் டேர்போ இயந்திரத்தையும், ஜகுவார் எக்ஸ்ஜேஆர் 12 காரின் 7.4 லீற்றர் வி 12 இயந்திரத்தையும் அதே விதிதான் உலகப் போட்டியிலிருந்து வெளியேற்றியது. அந்த லு மான் பந்தயத்தில் மஸ்டாவிடம் தோற்றவர்கள் இவர்களே. பொறாமையால் பிறந்த விதி, வென்றவனோடு தோற்றவனையும் சேர்த்தா வெளியே தள்ளும்?

1992 லு மானில் பழைய போர்ஷேகள் சிலவற்றை ஓட அனுமதித்தார்களே, றோட்டரிக்கு மட்டும் ஏன் கதவை அடைத்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அவ்வருடம் பந்தயத்தைத் தொடங்கிய கார்கள் 28 மட்டுமே. வெறிச்சோடிய களத்தை நிரப்புவதற்காகத் தனியார் குழுக்களிடமிருந்த பழைய போர்ஷேகளுக்கு இடம் கொடுத்தார்கள். றோட்டரிமீது தீராப் பகை இருந்திருந்தால் கதவு என்றென்றைக்கும் அடைபட்டிருக்க வேண்டும். 1994ஆம் ஆண்டே றோட்டரி பூட்டிய ஆர்எக்ஸ் 7 காரொன்று லு மானில் ஓடியது. 1995இல் மஸ்டா றோட்டரி இயந்திரத்தைக் கொண்ட 'குட்சு' என்ற கார் ஒட்டுமொத்தத்தில் 7ஆம் இடத்தைப் பெற்றது. தடைசெய்யப்பட்டதாகச் சொல்லப்படும் ஒன்று நான்கு வருடங்களுக்குள் அதே களத்தில் 7ஆவதாக வந்தது எப்படி என்று கதை சொல்பவர்கள் விளக்க வேண்டும்.

இரண்டாவது பொய்

இந்தப் பொய்க்கு எதிர்முகாமில் மற்றொரு பொய்யும் இருக்கின்றது. அது சற்றுப் படித்தவர்களுடைய பொய். 'மஸ்டா வென்றது அதிர்ஷ்டத்தினால். மேர்சிடஸ் பழுதடைந்திராவிட்டால் எங்கே வென்றிருக்கப் போகிறார்கள்? அத்தோடு, நிறையில் சலுகை வாங்கிக்கொண்டு ஓடினார்கள்' என்பது இவர்கள் வாதம்.

நிறைச் சலுகை இருந்தது உண்மை. மறைக்க வேண்டிய அவசியமில்லை. மேர்சிடஸ், ஜகுவார் கார்கள் 1000 கிலோகிராம் நிறையுடன் ஓட வேண்டியிருக்க, மஸ்டா 830 கிலோகிராமுடன் ஓடியது. இந்த 170 கிலோகிராமைப் பெற்றுக்கொடுத்தவர் மஸ்டா ஸ்பீட் குழுவின் தலைவர் தகயோஷி ஓஹாஷி. விதிப் புத்தகத்தைப் படித்து, பீசா அதிகாரிகளிடம் நேரில் வாதாடி, ஒப்புதலைப் பெற்றார். போட்டியாளர்கள் பெரிதாக எதிர்க்கவில்லை. இவர்களா வெல்லப் போகிறார்கள் என்ற அலட்சியமே காரணம். எதிராளி தன்னை அலட்சியம் செய்கிறான் என்பதை அறிந்து அந்த அலட்சியத்தையே மூலதனமாக்கிக் கொண்ட ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லுவது நியாயமாகாது. விதிக்கு உட்பட்டு, எல்லோருக்கும் தெரியும்படி பெற்ற சலுகை அது.

170 கிலோகிராம் என்பது ஏறக்குறைய இரண்டு பருத்த மனிதர்களின் நிறை. 24 மணிநேரமும் அவர்களைச் சுமந்து செல்வதற்கும் சுமக்காமல் செல்வதற்கும் உள்ள வேறுபாடு, வேகத்தைவிடச் சிக்கனத்திலேதான் பெரிதும் தெரியும். முழுப் பந்தயத்துக்கும் இவ்வகைக் கார்களுக்கு வழங்கப்பட்ட எரிபொருள் 2,550 லீற்றர் மட்டுமே. அதற்குமேல் ஒரு துளியும் இல்லை. பாரமான வண்டி ஒவ்வொரு வளைவிலும் கூடுதலாகத் தடுப்பை மிதிக்க வேண்டும், ஒவ்வொரு வளைவுக்குப் பின்னரும் கூடுதலாக எரிபொருளை எரித்து வேகமெடுக்க வேண்டும். ரயர் தேயும், தடுப்புத் தேயும். ஜகுவார் சாரதிகள் தமது பெரிய வி 12 இயந்திரத்தின் தாகத்துக்கு அஞ்சிக் காலை அடக்கியே ஓட்ட வேண்டியிருந்தது. மஸ்டா சாரதிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு குறைவு.

ஆனால் நிறை குறைந்தால் மட்டும் கார் வென்றுவிடுமா? அப்படியானால், 750 கிலோகிராம் நிறையுடன் வந்த புதிய 3.5 லீற்றர் கார்களல்லவா வென்றிருக்க வேண்டும்? அவற்றுக்கு இன்னொரு சலுகையும் இருந்தது. புறப்படும் வரிசையின் முதற்பத்து இடங்கள், நேரம் எதுவாயினும் அவற்றுக்கே என்று ஒதுக்கப்பட்டிருந்தன. தகுதிகாண் சுற்றில் 12ஆவது வேகமான நேரத்தைப் பதிவுசெய்த 55ஆம் இலக்க மஸ்டா, இதனால் 19ஆம் இடத்திலிருந்தே புறப்பட்டது. முன்வரிசையில் நின்ற இரண்டு பியூஜோ 905 கார்களும் பந்தயம் சூடுபிடிக்கும் முன்னரே விலகிவிட்டன. சலுகை பெற்றவர்கள் எல்லோரும் வெல்வதில்லை. 24 மணிநேரம் உயிரோடிருப்பவன் வெல்கிறான்.

அதிர்ஷ்டத்துக்கு எத்தனை வயது?

அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் இந்தக் காரின் பிறப்பு வளர்ப்பைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

சாதாரண இயந்திரத்தில் பிஸ்டன் மேலும் கீழும் அசையும். றோட்டரியில், புடைத்த பக்கங்களையுடைய முக்கோண வடிவான சுழலி ஒன்று ஒரு கூட்டுக்குள் சுழலும். வால்வுகள் இல்லை, அசையும் உறுப்புகள் குறைவு, அதிர்வும் குறைவு. ஜேர்மனியரான பீலிக்ஸ் வாங்கலின் கண்டுபிடிப்பு இது. அவரோடு இணைந்து இதனை உருவாக்கிய என்எஸ்யூ நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்று, 1960களின் தொடக்கத்தில் ஹிரோஷிமாவுக்குக் கொண்டுவந்தது மஸ்டா. கொண்டுவந்த பின்னர்தான் பெரும் தலையிடி தொடங்கியது. சுழலியின் மூன்று முனைகளிலும் உள்ள அடைப்புத் தகடுகள் அதிர்ந்து, கூட்டின் உட்சுவரில் வரிவரியாகக் கீறல்களை உண்டாக்கின. மஸ்டாவின் பொறியியலாளர்கள் அவற்றைப் 'பிசாசின் நகக்கீறல்' என்று அழைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியியலாளர்கள் இதற்காகவே நியமிக்கப்பட்டனர். அந்தப் பிசாசை ஓட்டிய பின்னரே, 1967இல் கொஸ்மோ ஸ்போர்ட் கார் சந்தைக்கு வந்தது. மறுவருடமே அதனை ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங் தடத்தில் 84 மணிநேரம் ஓடும் பந்தயத்துக்கு அனுப்பினார்கள். நான்காம் இடம் கிடைத்தது.

லு மானில் மஸ்டாவின் றோட்டரி இயந்திரம் முதன்முதலில் ஒலித்தது 1970இல். பெல்ஜியக் குழுவொன்று ஷெவ்ரொன் காரில் அதனைப் பூட்டி ஓட்டியது. சில மணிநேரத்தில் நின்றுவிட்டது. 1979இல் ஆர்எக்ஸ் 7 காரோடு வந்தபோது பந்தயத்தில் ஓடும் தகுதியே கிடைக்கவில்லை. 1982இல் 14ஆம் இடம். 1983இல் 717 சி என்ற சிறிய கார் 12ஆவதாக வந்து தன் பிரிவில் வென்றது. 1986இல் மூன்று சுழலிகள் கொண்ட 757. அது 1987இல் 7ஆவதாக வந்தது. 1988இல் நான்கு சுழலிகள் கொண்ட 767. 1989இல் அதன் திருத்திய வடிவம் மீண்டும் 7ஆம் இடம். 1990இல் புத்தம்புதிய 787 கார்கள் இரண்டும் இடைநடுவில் நின்றன.

21 வருடங்கள்! 21 வருடங்கள் வரிசையில் நின்ற அதிர்ஷ்டம் இது.

787 பி காரின் உடற்கூட்டை வடிவமைத்தவர் பிரித்தானியரான நைஜல் ஸ்ட்ரவுட். லு மானை 6 தடவைகள் வென்ற ஜாக்கி இக்ஸ் ஆலோசகராக வந்தார். இதயம் ஹிரோஷிமாவிலிருந்து வந்தது. ஆர் 26 பி என்ற அந்த இயந்திரம், 654 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நான்கு சுழலிகளைக் கொண்டது. மொத்தம் 2.6 லீற்றர், 700 குதிரைவலு. றோட்டரியின் பிறவிக்குறை அதன் எரிபொருள் பசி. எரிஅறை நீண்டு தட்டையாக இருப்பதால், ஒரு மூலையில் பற்றிய தீ மறுமூலைக்குச் செல்வதற்குள் எரிபொருளில் ஒரு பகுதி வீணாகிவிடும். அதற்காக ஒவ்வொரு சுழலிக்கும் மூன்று தீப்பொறிச் செருகிகளை வைத்தார்கள். காற்றை உள்ளிழுக்கும் குழாய்களை, சுழற்சி வேகத்துக்கு ஏற்ப நீண்டு குறுகும்படி அமைத்தார்கள். முனை அடைப்புத் தகடுகளைப் பீங்கான் வகைப் பொருளால் ஆக்கினார்கள். இந்த இயந்திரத்திலிருந்து இன்னும் கூடுதலான வலுவைப் பெற முடியும். பெறவில்லை. 24 மணிநேரம் தாங்க வேண்டும் என்பதற்காகத் தாமாகவே அடக்கி வைத்தார்கள். இந்த அடக்கத்தைத்தான் அதிர்ஷ்டம் என்கின்றனர் சிலர்.

பந்தயத்தில் ஃபோல்கர் வைட்லர், ஜொனி ஹேர்பேர்ட், பேர்ட்ராண்ட் கஷோ ஆகிய மூன்று இளைஞர்களிடம் 55ஆம் இலக்கக் கார் ஒப்படைக்கப்பட்டது. இயந்திரத்தின்மீது குழுவுக்கு நம்பிக்கை இருந்தது. ஆகவே அவர்களை அடித்து ஓட்டவிட்டார்கள். ஞாயிறு காலை அந்தக் கார் இரண்டாம் இடத்துக்கு முன்னேறியிருந்தது. மேர்சிடஸ் சில சுற்றுகள் முன்னே. பிற்பகல் ஒரு மணியளவில், முடிவுக்கு மூன்று மணிநேரம் இருக்கையில், மேர்சிடஸ் கொதித்து நின்றது. மஸ்டா முன்னே சென்றது. முடிவில் 362 சுற்றுகள், 4,922.81 கிலோமீற்றர். இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்கள் ஜகுவாருக்கு. மைக்கல் ஷூமாக்கர் இடம்பெற்ற மேர்சிடஸ் 5ஆம் இடம். இறுதிக் கட்டத்தைத் தொடர்ந்து ஓட்டிய ஹேர்பேர்ட், உடலில் நீர் வற்றி மயங்கி விழுந்ததால் வெற்றி மேடைக்குக்கூட வரமுடியவில்லை.

2,550 லீற்றரில் 4,922 கிலோமீற்றர். கணக்குப் போட்டுப் பாருங்கள். லீற்றருக்கு ஏறத்தாழ 1.9 கிலோமீற்றர், மணிக்கு 205 கிலோமீற்றர் சராசரி வேகத்தில். எரிபொருள் குடிக்கும் இயந்திரம் என்று உலகம் பரிகசித்த றோட்டரி, எரிபொருளை அளந்து கொடுக்கும் பந்தயத்தில் வென்றிருக்கின்றது. மஸ்டா கொண்டுவந்த மூன்று கார்களும் பந்தயத்தை முடித்தன: 1ஆம், 6ஆம், 8ஆம் இடங்கள். மேர்சிடஸின் மூன்றில் இரண்டு முடிக்கவில்லை. ஒரு கார் முடிப்பது அதிர்ஷ்டமாக இருக்கலாம். மூன்று கார்களும் முடிப்பது வேலை.

மேர்சிடஸ் பழுதடைந்தது உண்மைதான். 24 மணிநேரப் பந்தயத்தில் 21 மணிநேரம் முன்னே ஓடிப் பழுதடைவதற்குப் பெயர் தோல்வி. தாங்குதிறனைச் சோதிக்கும் போட்டியில் தாங்காமற் போனவனுக்காக, தாங்கியவனின் வெற்றியைக் குறைத்து மதிப்பிடுவது என்ன நியாயம்?

உண்மையான அநியாயம் எது?

அப்படியானால் அநியாயமே நடக்கவில்லையா? நடந்தது. அதனைத்தான் இந்தப் பொய்க்கதை மறைக்கின்றது. எனது கோபமும் அதனாலேயே.

1982இல் தொடங்கிய 'குரூப் சி' விதியின் மையத்தில் ஓர் அறிவார்ந்த எண்ணம் இருந்தது. இவ்வளவு எரிபொருள்தான் தருவோம். எந்த இயந்திரத்தை வேண்டுமானாலும் பூட்டிக்கொள் என்பதே அது. அதனால் போர்ஷேயின் ஆறு சிலிண்டர் டேர்போவும், ஜகுவாரின் பன்னிரண்டு சிலிண்டரும், மேர்சிடஸின் எட்டு சிலிண்டர் டேர்போவும் ஒரே வெற்றிக்காக மோதின. அவற்றின் அருகிலேயே ஹிரோஷிமாவின் றோட்டரியும் ஓடியது. ஒரே கேள்விக்கு ஒவ்வொருவரும் வெவ்வேறு விடை எழுதலாம். பொறியியல் வளர்வது அவ்விதமே.

3.5 லீற்றர் விதி அந்தச் சுதந்திரத்தை ஒழித்தது. எல்லோரும் ஒரே விடையை எழுதவேண்டும், அதுவும் பார்முலா 1 எழுதும் விடையை. அந்த இயந்திரங்களின் செலவைத் தனியார் குழுக்களால் தாங்க முடியவில்லை. 1989இல் லு மானில் 50க்கும் அதிகமான கார்கள் ஓடின. 1992இல் அது 28 ஆகச் சுருங்கியது என்பதை மேலே குறிப்பிட்டேன். அந்த வருடத்தோடு விளையாட்டுக் கார்களுக்கான உலகப் போட்டியே மூடப்பட்டது. மேர்சிடஸும் பியூஜோவும் சில வருடங்களுக்குள் பார்முலா 1 பக்கம் போய்ச் சேர்ந்தன. பார்முலா 1 வணிகத்தின் அதிபதியான பேர்னி எக்லஸ்ரன் அப்போது பீசாவிலும் செல்வாக்கோடு இருந்தவர். பெரிய நிறுவனங்களை அந்தப் பக்கம் திருப்புவதற்காகவே இவ்விதி கொண்டுவரப்பட்டது என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. நோக்கம் அதுவோ அல்லவோ, விளைவு அதுதான்.

மஸ்டாவின் கதியைப் பாருங்கள். 1992இல் அவர்கள் கொண்டுவந்த எம்எக்ஸ்ஆர் 01 கார், போட்டியாளரான ஜகுவாருக்காக ரொஸ் ப்ரோன் வடிவமைத்த எக்ஸ்ஜேஆர் 14 காரின் உடற்கூட்டில், பிரித்தானியாவின் ஜட் நிறுவனம் செய்த வி 10 இயந்திரத்தைப் பூட்டியது. கார் நான்காவதாக வந்தது. நல்ல இடம்தான். ஆனால் அதில் ஹிரோஷிமா எங்கே? 47 பேர் பிசாசின் நகக்கீறலோடு போராடிப் பெற்ற அறிவு எங்கே? பெயரும் வர்ணமும் மட்டுமே மிஞ்சின. அவ்வருடத்தோடு மஸ்டாவும் அக்களத்திலிருந்து விலகியது.

இதுவே அநியாயம். ஆசியர்மீது ஐரோப்பியர் கொண்ட பொறாமை என்ற மலிவான நாடகம் அல்ல இது. பலவகைச் சிந்தனைக்கு இடங்கொடுத்த ஒரு களத்தை, ஒருவகைச் சிந்தனைக்கு மட்டும் உரியதாக்கி, முடிவில் களத்தையே இழந்த கதை. இதில் இழந்தவர்கள் ஜப்பானியர் மட்டுமல்லர். ஜேர்மனியரும் பிரித்தானியரும் இழந்தனர். கைக்காசைச் செலவழித்துப் பந்தயத்துக்கு வந்த சிறிய குழுக்கள் எல்லோரையும்விட அதிகமாக இழந்தன.

'வென்றதால் தடை' என்ற கதையை நாம் விரும்பிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒடுக்கப்பட்டவன் வெல்வதும், வென்றபின் வஞ்சிக்கப்படுவதும் நமக்குப் பழகிய கதை. நமது காயங்களுக்கு அது மருந்துபோல் இருக்கின்றது. ஆனால் மற்றவர்களின் வரலாற்றில் நமது காயத்தைத் தேடி ஒட்டுவது வரலாறு ஆகாது. அதைவிட மோசமானது, அந்தக் கதை மஸ்டாவின் மனிதர்களைப் பரிதாபத்துக்குரியவர்களாக ஆக்கிவிடுவது. அவர்கள் பரிதாபத்துக்கு உரியவர்கள் அல்லர். கடைசி வாய்ப்பு இதுதான் என்று தெரிந்துகொண்டு, விதிப் புத்தகத்தின் ஒவ்வொரு வரியையும் இயந்திரத்தின் ஒவ்வொரு தகட்டையும் தமக்குச் சாதகமாக்கி வென்றவர்கள். ஓஹாஷி மேசையில் வென்றார், பொறியியலாளர்கள் பட்டறையில் வென்றனர், மூன்று சாரதிகள் தடத்தில் வென்றனர்.

அதன்பின்னர் மற்றொரு ஜப்பானிய நிறுவனம் லு மானில் வெல்வதற்கு 2018ஆம் ஆண்டுவரை, டொயோட்டா வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. றோட்டரி கொண்டு வென்ற கார் இன்றுவரை 787 பி ஒன்றுதான். அந்தப் பெருமையைக் காப்பாற்றுவதற்கு ஒரு பொய்யின் துணை தேவையில்லை. உண்மையே போதும், அதுவும் தாராளமாக.